ஆவணி ஒன்றாம் தேதி போட்ட விண்ணப்பம்

1

ஆடி மாதத்தில் எனக்கு ஏன் வருமானம் இல்லை என்று திருத்தணியில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணம் கிடையாது, வளைகாப்பு கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. ஆகவே கல்யாண ரவிக்கை தைப்பவளுக்கு வேலையும் கிடையாது. அரக்கோணம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயத்தை இங்கிலாந்து அரசாங்கத்துக்குப் புரியவைக்க நான் இதுவரை மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. ‘உங்கள் நிலைமை எங்களுக்குப் புரிகிறது’ என்று ஆரம்பித்து, புரியவில்லை என்று முடியும் பதில்.

நான் அங்கே போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். கணவர் இறந்து எட்டு வருடம். முன்னறையில் ஒரு தையல் மிஷின், துணியை விரித்து ஆரி ஒர்க் பூவேலை போட ஒரு சட்டகம், அளவு பார்க்க ஆளுயரக் கண்ணாடி. இவ்வளவுதான் என் தொழில். இதை வைத்துத்தான் வாடகை கொடுக்கிறேன், யாழினியைப் படிக்கவைக்கிறேன். அவளுக்கு இப்போது பதினேழு.

இந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் இருவரும் திருத்தணி வந்திருந்தோம். டிக்கெட் தை மாதத்தில், கையில் காசு நடமாடியபோது எடுத்தது. வந்த நான்காம் நாள், ஆர்.கே.பேட்டையில் தறிக்காரர் ஒருவர் வீட்டில் ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது யாழினியின் போனில் ஒரு செய்தி வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கிலாந்திலிருந்து உதவித்தொகை அதிகாரி என்னை அழைப்பார். என் சுயதொழிலைப் பற்றி முடிவெடுக்கும் அழைப்பு. எடுக்கத் தவறினால் உதவித்தொகை நிற்கக்கூடும்.

அங்கே காலை பத்து என்றால் இங்கே பகல் இரண்டரை. வியாழக்கிழமைதான் ஆடிக் கிருத்திகை. அன்றைக்குத் திருத்தணியில் மனிதனுக்கே நிற்க இடம் இருக்காது, சிக்னலுக்கு எங்கே இருக்கப்போகிறது?

கையில் இருந்த துணியை அப்படியே வைத்துவிட்டேன். தறிக்காரரின் மனைவி, “இன்னாம்மா, கலர் புடிக்கலையா?” என்று கேட்டார். பிடித்திருந்தது. வாங்கத்தான் பயமாக இருந்தது.

2

இங்கே படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அங்கே குறைந்த வருமானக்காரர்களுக்கு, சொந்தத் தொழில் செய்பவர்கள் உட்பட, வரிச்சலுகை என்ற பெயரில் ஒரு உதவித்தொகை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டினால் போதும். போன வருடம் மொத்தமாக இவ்வளவு சம்பாதித்தேன், இவ்வளவு செலவானது என்று ஜூலைக்குள் எழுதி அனுப்பிவிட்டால் அடுத்த ஜூலை வரை என்னை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

என் தொழிலுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டம். தையில் இரவு பகலாகத் தைப்பேன். வைகாசியில் சாப்பிட நேரம் இருக்காது. ஆனிக் கடைசியில், ஆடி பிறப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வீட்டு வாசலில் கார்கள் நிற்கும். பிறகு ஆடியில் ஓய்வு, ஆவணி முகூர்த்தத்துக்கான சரக்கு வாங்கல். மார்கழியிலும் அப்படித்தான். வருடத்தைக் கூட்டிப் பார்த்தால் நான் ஒழுங்கான தொழில்காரி. எந்த மாதத்தையும் தனியாகப் பிடித்து, நீ ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்க ஆள் இல்லை.

பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. வரிச்சலுகை நிற்கிறது, மூன்று மாதத்துக்குள் புதிய உதவித்தொகைக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும் என்று. புதியதில் மாதா மாதம் கணக்கு. அதோடு ஒரு கோடும் உண்டு. சுயதொழில்காரர் முழுநேரக் குறைந்தபட்சக் கூலி அளவாவது சம்பாதித்திருப்பார் என்று அவர்களாகவே வைத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் ஒன்றுமே வரவில்லை என்றாலும், வந்ததாகவே கொண்டு, அதற்கேற்பக் குறைத்துக் கொடுப்பார்கள். முதல் பன்னிரண்டு மாதம் மட்டும் இந்தக் கோட்டைப் போடாமல் விட்டுவைப்பார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கடிதத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.

தம்பி பெயர் தணிகைவேல். நான் தணிகா என்று கூப்பிடுவேன். திருத்தணி ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பேருக்குத்தான் ஜெராக்ஸ். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ் என்று ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பங்கள் அவன் கம்ப்யூட்டரில் இருந்துதான் அரசாங்கத்துக்குப் போகின்றன. அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாவற்றையும் அடித்து முடித்து, கையை மௌஸ் மேல் வைத்துக்கொண்டு, சுவரில் இருக்கும் தினசரி காலண்டரைத் திரும்பிப் பார்ப்பான். “எமகண்டம் போவட்டும்மா, அப்பால சப்மிட் குடுக்கறேன்” என்பான். வந்தவர்களும் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார்கள். அவன் அனுப்பியது திரும்பி வராது என்று ஊரில் பெயர்.

கடிதம் வந்தது ஆனியில். உடனே போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். தணிகா போனில் சத்தம் போட்டான்.

“இன்னாக்கா நீ, நாள் கெழம பாக்காம? இதோ ஆடி பொறக்கப் போவுது. ஆடி கழியட்டும். ஆவணி ஒண்ணாந்தேதி சனிக்கெழம. ஒம்போதுல இருந்து பத்தரை ராகு காலம். அது போனதும் பதினோரு மணிக்குப் போடு.”

“உங்க ஊர் பதினொண்ணா, எங்க ஊர் பதினொண்ணா?”

“நீ இருக்கற ஊரு டைமுதாங்க்கா. அங்கியும் சூரியன் தானே?”

கெடுவுக்கு நாள் இருந்தது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இதில் தம்பியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆவணி ஒன்றாம் தேதி, ஆகஸ்ட் பதினேழு, காலை பதினோரு மணிக்குச் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, யாழினியை அழுத்தச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் அழுத்தினாள்.

3

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருட மார்கழியில்தான் விழுந்தது அடி. கையில் ஒரு ரவிக்கைகூட இல்லை. உதவித்தொகையோ நான் மாதம் முழுக்க உழைத்துச் சம்பாதித்தது போலப் பாதியாக வந்தது. வீட்டுக்காரருக்கு வாடகை போகவில்லை. தையில் வேலை வந்து குவிந்தது. அப்போது வருமானம் அதிகம் என்று அதற்கும் குறைத்தார்கள்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தது யாழினிதான். என் ஆர்டர் நோட்டையும் அவர்களுடைய மாதப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“அம்மா, அவங்க மாசம் பதினேழாம் தேதி ஸ்டார்ட் ஆகுது. உன் தமிழ் மாசமும் கிட்டத்தட்ட அதே நாள்லதான் ஸ்டார்ட் ஆகுது. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காருது.”

அப்போதுதான் விளங்கியது. விண்ணப்பித்த நாள் எதுவோ, அந்த நாளில்தான் ஒவ்வொரு கணக்கு மாதமும் பிறக்கும். நான் ஒன்றாம் தேதி விண்ணப்பித்திருந்தால் ஆடி இரண்டாக வெட்டப்பட்டு, ஒரு பாதியில் ஆனிக் கடைசி வருமானமும் மறு பாதியில் ஆவணி முன்பணமும் சேர்ந்திருக்கும். இரண்டு மாதமும் தட்டுத்தடுமாறிப் பிழைத்திருக்கும். நல்ல நாள் பார்த்துப் போட்டதால் முழு ஆடியும் ஒரு பெட்டிக்குள், முழு மார்கழியும் இன்னொரு பெட்டிக்குள் போய்ச் சரியாக உட்கார்ந்துகொண்டன. வெறும் பெட்டிகள்.

இதைத் தணிகாவிடம் நான் சொல்லவில்லை. போன் செய்யும்போதெல்லாம், “நான் பாத்துக் குடுத்த நாள்க்கா, எப்டி கீது?” என்று கேட்பான். “நல்லா இருக்குடா” என்பேன். யாழினியிடமும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

ஆடி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. இன்னொரு வாடகை நின்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கான முன்பணத்தை ஆடிக்குள்ளேயே வாங்கிவிட்டால் அந்தப் பெட்டி காலியாக இருக்காது என்று யாழினி சொன்னாள். வெட்கத்தை விட்டு வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். எல்லாரும் படித்தார்கள். தெலுங்கு வீடு ஒன்று மட்டும், அவர்களுக்குச் சிராவணம் நல்ல மாதம் என்பதால், கொஞ்சம் அனுப்பியது. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவள், அழைத்தே பேசினாள்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. ஆடிக்குள்ள நல்ல காரியத்துக்குக் காசு குடுக்கிறேல்லை. ஆவணி பிறந்த அண்டைக்கே போட்டுவிடுறன்.”

அவள் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. எனக்கு இது முதன்மையான தொழில் இல்லை என்று நானே சொல்லிவிடுவது. அப்படிச் சொன்னால் கோடு போடமாட்டார்கள், ஆடியும் மார்கழியும் தப்பிக்கும், வீடு நிற்கும். ஆனால் அதற்குப் பதில் வாரம் முப்பத்தைந்து மணி நேரம் வேறு வேலை தேட வேண்டும், கிடைத்ததை ஏற்க வேண்டும். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையோ, முதியோர் இல்லத்தில் துடைக்கும் வேலையோ வந்துவிட்டால் தையிலும் வைகாசியிலும் நான் யாருக்குத் தைப்பது? மிஷினுக்கு உறை போட வேண்டியதுதான்.

யாழினி இதில் தெளிவாக இருந்தாள். “அம்மா, வீடு முக்கியமா, பிளவுஸ் முக்கியமா?”

பத்தொன்பது வருடத்தை இரண்டு வார்த்தையில் எடைபோட அந்த வயதில்தான் முடியும். எனக்குக் கோபம் வந்தது.

4

வியாழக்கிழமை காலையில் இருந்தே ஊர் மஞ்சளாக இருந்தது. மலைப்படி தொடங்கி ஸ்டேஷன் வரை காவடி. புஷ்பக் காவடி, மயில் காவடி, மொட்டைத் தலையில் சந்தனம். அரோகரா சத்தத்தில் கடை ஷட்டர் அதிர்ந்தது. மொபைலில் சிக்னல் துளிகூட இல்லை. தணிகாவின் கடை பிராட்பேண்டு ஒன்றுதான் நம்பிக்கை. யாழினி அதன் வழியாக அழைப்பு வரும்படி என் போனில் என்னவோ செய்து வைத்தாள்.

இரண்டு மணிக்கே கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டோம். தணிகா பாதி ஷட்டரை இறக்கினான். விதவைப் பென்ஷனுக்கு விண்ணப்பிக்க வந்த கனகம்மாசத்திரத்து அம்மா ஒருவர் மட்டும், மடியில் கவரை வைத்துக்கொண்டு, மூலையில் காத்திருந்தார்.

தணிகா காலண்டரைப் பார்த்தான். எனக்குத் தெரியும், பார்ப்பான் என்று.

“அக்கா, வியாழக்கெழம. ஒன்றையில இருந்து மூணு ராகு காலம். ஒரு அர அவரு தள்ளிப் பண்ணச் சொல்ல முடியாதா அந்தாள?”

“மாமா, அவர் கவர்ன்மென்ட். ராகு காலம் எல்லாம் அவருக்கு வராது” என்றாள் யாழினி.

“எல்லாருக்கும் வரும் கண்ணு” என்றான் அவன்.

யாழினி எனக்கு ஒரு தாள் கொடுத்தாள். நான் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். இரண்டு வருடமாக என் கடிதம், என் கணக்கு, என் குரல் எல்லாம் அவள்தான். அதற்காக அவளுக்கு நான் கடன்பட்டவள். ஆனாலும் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘வீட்டிலிருந்தபடி கொஞ்சம் தையல் செய்கிறேன்.’

கொஞ்சம். மணப்பெண்ணின் கைக்கு ஒரே ரவிக்கையில் நான்காயிரம் முத்து கோத்திருக்கிறேன். அது கொஞ்சமாம்.

போன் அடித்தது. சத்தத்தில் காது கேட்காது என்று யாழினி ஸ்பீக்கரில் போட்டாள்.

5

அதிகாரியின் குரல் இளமையாக இருந்தது. மரியாதையானவர்தான். முதலில் என் பிறந்த தேதியைக் கேட்டார். பிறகு பின்னால் என்ன இரைச்சல் என்று கேட்டார். கோயில் திருவிழா என்றேன். ஏற்கெனவே தெரிவித்தபடி மூன்று வாரத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், சரக்கும் வாங்குகிறேன் என்று அவசரமாகச் சேர்த்தேன். சரி, அது குறிப்பில் இருக்கிறது என்றார்.

“இங்கே ஜூலையும் ஆகஸ்டும் கல்யாண சீசன் ஆயிற்றே. இந்த மாதம் மட்டும் உங்களுக்கு ஏன் வருமானம் இல்லை?”

எங்கள் ஆட்கள் இந்த மாதம் கல்யாணம் செய்ய மாட்டார்கள் என்றேன். ஏன் என்றார். என் ஆங்கிலத்தில் அதற்கு வழி இல்லை. என் தமிழிலேயே இருக்கிறதா என்பது சந்தேகம். வழக்கம், என்றேன். அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு காவடி ஆடிக்கொண்டே போனது. மேளம் அடங்கும் வரை நான் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன்.

தாளைப் படித்திருக்க வேண்டும். படிக்க மனம் வரவில்லை. கடைசியாக ஒரு நப்பாசை. யாரிடமும் கேட்காமல் நானே கேட்டுவிட்டேன்.

“என் கணக்கு மாதத்தை ஒன்றாம் தேதிக்கு மாற்றித்தர முடியுமா? அப்படிச் செய்தால் இந்த வேலையில்லாத மாதம் இரண்டு மாதத்தில் பாதி பாதியாகப் பிரிந்துவிடும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.”

மறுபடியும் தட்டச்சுச் சத்தம் கேட்டது. “நீங்கள் சொல்வது புரிகிறது. ஒன்றாம் தேதி விண்ணப்பித்திருந்தால் இந்தச் சிக்கல் இவ்வளவு வந்திருக்காது. ஆனால் விண்ணப்பித்த நாள் பதினேழு. அதை மாற்ற முடியாது.”

தணிகாவுக்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் விண்ணப்பம், தேதி, மாற்ற முடியாது என்ற மூன்றும் வருகிற ஆங்கிலம் அவனுக்கு அத்துப்படி. தினமும் அதை ஊர்க்காரர்களுக்குத் தமிழில் சொல்வதுதானே அவன் பிழைப்பு. அவன் என்னைப் பார்த்தான். பிறகு விரல்விட்டு எண்ணினான். ஆகஸ்ட் பதினேழு. ஆவணி ஒன்று. எண்ணிய விரல்கள் மடங்கியபடியே நின்றதை நான் பார்த்தேன். ஐயோ, கேட்டிருக்கக் கூடாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ஆகவே கேட்கிறேன்” என்றார் அதிகாரி. “இந்தத் தையல்தான் உங்கள் முதன்மையான தொழிலா? ஆம் அல்லது இல்லை.”

யாழினி தாளை என் முன்னால் நகர்த்தினாள். தாளின் ஓரத்தை அவள் கசக்கிப் பிடித்திருந்தாள். அதுவரை அவளுக்குப் பயமே இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டை விட்டால் அவள் படிப்பு நடுவில் எங்கே போவோம் என்று என்னைவிட அவள்தான் அதிகம் கணக்குப் போட்டிருக்கிறாள். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இல்லை” என்றேன்.

அவர் நன்றி சொன்னார். இனிமேல் கோடு கிடையாது. வேலை தேடுவதற்கான ஒப்பந்தம் ஒன்றை இப்போதே இணையத்தில் அனுப்புகிறேன், படித்துவிட்டு ஏற்கிறேன் என்று அழுத்துங்கள், அழுத்தியதில் இருந்து நடைமுறைக்கு வரும் என்றார். திருவிழாவை மகிழ்ச்சியாகக் கொண்டாடச் சொன்னார். உண்மையாகவே நல்ல மனிதர்தான்.

6

போனை வைத்தேன். கனகம்மாசத்திரத்து அம்மா, “இன்னாம்மா, துட்டு குடுக்கறானாமா?” என்று கேட்டார். “ஆங், குடுக்கறாங்கம்மா” என்றேன்.

தணிகா ஸ்டூலில் உட்கார்ந்தான். “ஏங்க்கா என்னாண்ட சொல்லல? எப்டி கீது, எப்டி கீதுன்னு எத்தினி வாட்டி கேட்டுகினு இருந்தேன்?”

“சொல்லி என்னடா ஆகப்போகுது?”

“நான் வேற கடைக்கு வர்ற அத்தினி பேராண்டயும் பெருமையா சொல்லிகினு இருந்தேன். லண்டனுக்கே நான்தான் நாள் பாத்துக் குடுத்தேன்னு.” மௌஸைத் தள்ளி வைத்தான். “உன் தொழிலையே நான் முடிச்சி வச்சிட்டனே.”

அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மிஷினைத்தான் நினைத்துக்கொண்டேன். கிளம்பும் முன் சட்டகத்தில் ஒரு கழுத்து வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறேன். அது யாழ்ப்பாணத்துப் பெண்ணின் மகளுக்கு. அதை முடித்துக் கொடுப்பேன். அதற்கப்புறம் வரும் பெண்களிடம் என்ன சொல்லி அனுப்புவேன் என்று தெரியவில்லை.

யாழினியின் கையில் போன் மின்னியது. ஒப்பந்தம் வந்துவிட்டது. அவள் வேகமாகப் படித்தாள், கீழே தள்ளினாள், பச்சை நிறப் பட்டனில் வந்து நின்றாள். “அழுத்திடட்டுமா அம்மா? முடிஞ்சிடும்.”

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது.

தணிகா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காலண்டர் அவன் தலைக்கு நேர் மேலே தொங்கியது. எத்தனை வருடமாக ஊராருடைய விரலை எல்லாம் அந்த நேரத்தில் பிடித்து நிறுத்தியவன், இன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு வாயை இறுக மூடியிருந்தான். இனி யாருக்குமே நேரம் பார்த்துச் சொல்ல மாட்டானோ என்று எனக்குப் பட்டது.

“இரு யாழினி” என்றேன். “ராகு காலம். மூணு ஆவட்டும்.”

“அம்மா!” என்றாள். பிறகு தன் மாமாவைப் பார்த்தாள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மூலையில் இருந்த அம்மா தன் கவரைச் சரிசெய்துகொண்டு, “அதானே, எங்கியும் ஓடிடாது” என்றார். வெளியே அடுத்த காவடி வந்தது. நாங்கள் நான்கு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.